குத்துப்பை கற்பிக்கும் பாடம்

பெங்களூரு நகரின் அல்சூர் ஏரிக்கரையை அடுத்துச் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் மையம் அமைந்துள்ளது. 1780ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட இப்படைப்பிரிவின் வீரர்கள் இன்றும் ‘தம்பி’ என்னும் தமிழ்ச் சொல்லாலேயே அன்புடன் அழைக்கப்படுகின்றனர். தமிழ் மண்ணிலிருந்து பிற மாநிலத்திற்குச் சென்ற சொற்களுள் இதுவும் ஒன்று.

படைவீரர்க்கு உடல்வலிமையோடு மனவுறுதியும் வேண்டும். ஆகவே, இந்தியப் படைத்துறையில் குத்துச்சண்டை நெடுங்காலமாக ஊக்குவிக்கப்பட்டு வருகிறது. 1966, 1970 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மிகை எடைப் பிரிவில் தங்கப்பதக்கம் வென்ற ஹவா சிங், படைத்துறையில் உருவான வீரரே ஆவார்.

இத்தகைய வீரர்கள் களத்தில் நிற்கும் நேரம் சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களுக்காக அவர்கள் பல ஆண்டுகள் பயிற்சி செய்கின்றனர். அப்பயிற்சியில் பெரும்பங்கு வகிப்பது கூரையிலிருந்து தொங்கும் ஓர் எளிய பொருளாகும். அதுவே குத்துப்பை. அது பேசுவதில்லை, திருப்பி அடிப்பதும் இல்லை. ஆயினும், அதனிடம் கற்க வேண்டியவை பல உள.

சொல்லும் வரலாறும்

‘பாக்சிங்’ என்னும் விளையாட்டைக் கன்னடத்தில் ‘முஷ்டியுத்தம்’ என்றும், இந்தியில் ‘முக்கேபாஜி’ என்றும் வழங்குவர். தமிழில் அது ‘குத்துச்சண்டை’ எனப்படுகிறது. மூன்று மொழிகளும் முட்டியையோ குத்தையோ கொண்டே இவ்விளையாட்டிற்குப் பெயரிட்டுள்ளமை நோக்கத்தக்கது.

ஆயுதமின்றி உடல்வலிமையால் பொருதுவது தமிழர்க்குப் புதிதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன், ஆமூர் மல்லனோடு மற்போர் புரிந்து வென்றதைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியுள்ளார். அப்பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. ஆனால், மற்போர் பிடித்து வீழ்த்தும் கலை. குத்துச்சண்டையோ கைமுட்டியால் மட்டும் தாக்கும் விளையாட்டு.

குத்துப்பை மிகத் தொன்மையானது. பண்டைய கிரேக்க நாட்டில் அதனைக் ‘கோரிகோஸ்’ என்று அழைத்தனர். தோலால் ஆன பையில் அத்தி விதை, மாவு, மணல் போன்றவற்றை நிரப்பிக் கூரையிலிருந்து தொங்கவிட்டுப் பயிற்சி செய்தனர். வலிமை குறைந்தோர்க்கு இலேசான பொருளும், வலிமை மிக்கோர்க்கு மணலும் நிரப்பப்பட்டன. பயில்வோரின் ஆற்றலுக்கு ஏற்பப் பையின் கனத்தை அமைக்க வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

இன்றைய குத்துச்சண்டைக்கு அடிப்படையான குவீன்ஸ்பெரி விதிகள் 1867ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியிடப்பட்டன. கையுறை அணிதல், மூன்று நிமிடச் சுற்று, இடையே ஒரு நிமிட ஓய்வு ஆகியன அவ்விதிகளால் நிலைபெற்றன. ஆங்கிலேயர் வழியாக இவ்விளையாட்டு இந்தியத் துறைமுக நகரங்களுக்கும் படைமுகாம்களுக்கும் வந்து சேர்ந்தது.

சென்னையின் வடபகுதியில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் இதனைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை முதலிய பயிற்சி மரபுகள் அங்கே தோன்றின. ஆசான் ஒருவரின் கீழ்ப் பயின்றோர் அனைவரும் ஒரே பரம்பரையினராகக் கருதப்பட்டனர். 1980ஆம் ஆண்டு உலகப் புகழ்பெற்ற வீரர் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸ் என்பவருடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார்.

குத்துப்பையின் அமைப்பு

குத்துப்பை பெரும்பாலும் உருளை வடிவினது. தடித்த துணி, தோல், செயற்கைத் தோல் ஆகியவற்றுள் ஒன்றால் அதன் மேலுறை தைக்கப்படும். உள்ளே கந்தல் துணிகளை இறுக்கமாக நிரப்புவர். மணலை மட்டும் நிரப்பினால், அது நாளடைவில் கீழ்நோக்கிப் படிந்துவிடும். அப்போது பையின் அடிப்பகுதி கல்லைப் போல இறுகிவிடும், மேற்பகுதி தளர்ந்துவிடும். அத்தகைய பையைக் குத்துவோரின் கைக்கு ஊறு நேரும். எனவே, கனம் கூட்ட வேண்டுமாயின், மணலைச் சிறு பொதிகளாகக் கட்டித் துணிகளின் நடுவே வைப்பர்.

பையின் எடை, பயில்வோரின் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியளவு இருத்தல் நன்று என்பது பயிற்சியாளர்கள் பின்பற்றும் பொதுக்கணக்கு. 40 கிலோகிராம் எடையுள்ள மாணவர்க்கு 20 கிலோகிராம் பை போதுமானது. பை மிகவும் இலேசாக இருந்தால் ஒவ்வொரு குத்திற்கும் தொலைவாகப் பறந்து செல்லும். மிகவும் கனமாக இருந்தால் அசையாமல் நின்று கையை வருத்தும்.

குத்துப்பைகள் பலவகைப்படும். கனமான பெரிய பை, குத்தின் வலிமையையும் தாங்கும் ஆற்றலையும் வளர்க்கும். பேரிக்காய் வடிவில் தலைக்கு மேலே தொங்கும் சிறிய பை ‘ஸ்பீடு பேக்’ எனப்படும். அது கைவிரைவையும் தாளத்தையும் பழக்கும். மேலும் கீழும் மீள்கயிற்றால் கட்டப்பட்ட சிறிய பந்து, குத்தியவுடன் எதிர்பாராத திசையில் திரும்பி வரும். அது கண்ணும் கையும் இணைந்து செயற்படுவதைப் பழக்கும். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு திறனுக்கு உரியது.

வலிமை எங்கிருந்து வருகிறது?

குத்தின் வலிமை கையில்தான் உள்ளது என்று பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. சிறந்த குத்து காலில் தொடங்குகிறது.

வலக்கைப் பழக்கமுடையவர் இடக்காலை முன்னும் வலக்காலைப் பின்னும் வைத்து, முழங்கால்களைச் சற்றே மடக்கி நிற்பர். இடக்கைப் பழக்கமுடையவர் இதனை மாற்றி நிற்பர். இரு கைகளும் கன்னத்தருகே உயர்ந்திருக்கும். முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும். பின்கால் தரையை உந்தும்போது அவ்விசை இடுப்பிற்கு ஏறுகிறது. இடுப்பு சுழல, தோள் சுழல்கிறது. தோளின் சுழற்சி கையை முன்செலுத்துகிறது. கால், இடுப்பு, தோள், கை ஆகிய நான்கும் முறையாகத் தொடர்ந்தால்தான் குத்து முழுமை பெறும். கையை மட்டும் வீசினால் தோள் விரைவில் சோர்ந்துவிடும். குத்திலும் வலிமை இராது.

நால்வகைக் குத்துகள் அடிப்படையானவை. முன்கையால் விரைவாக நீட்டும் நேர்க்குத்து ‘ஜாப்’ எனப்படும். பின்கையால் உடலைச் சுழற்றிச் செலுத்தும் நேர்க்குத்து ‘கிராஸ்’ எனப்படும். முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வளைத்துக் குத்துவது ‘ஹூக்’ ஆகும். கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது ‘அப்பர்கட்’ ஆகும். இவை நான்கையும் எழுத்துகளாகக் கொண்டால், அவற்றைச் சேர்த்துச் செய்யும் தொடர்குத்துகளைச் சொற்கள் எனலாம். எழுத்துகளைத் திருத்தமாக அறியாதவர் சொற்களை எழுத இயலாது.

அறிவியல் கூறும் உண்மை

ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. ஒருவர் பையை எவ்வளவு விசையுடன் குத்துகிறாரோ, அதே அளவு விசையைப் பையும் அவருடைய கைக்குத் திருப்பித் தருகிறது. அவ்விசை விரல்முட்டுகள் வழியாக மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பயணம் செய்கிறது. மணிக்கட்டு நேராக இருந்தால் அவ்விசை கையின் நீளத்தில் பரவிவிடும். மணிக்கட்டு வளைந்திருந்தால் அவ்வளைவிலேயே விசை முழுவதும் தங்கிச் சுளுக்கை உண்டாக்கும்.

கையுறையின் பயனையும் அறிவியல் விளக்குகிறது. கிரிக்கெட் விளையாட்டில் விரைந்து வரும் பந்தைப் பிடிப்பவர் தம் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வர். பந்து நிற்பதற்கு ஆகும் நேரம் இதனால் சற்று நீள்கிறது; கையின்மீது தாக்கும் விசை குறைகிறது. கையுறையின் உள்ளே இருக்கும் மெத்தையும் இதே பணியைச் செய்கிறது. அது அமுங்குவதற்கு ஆகும் நேரத்தில் மோதலின் கடுமை தணிகிறது.

தொங்கும் பை ஓர் ஊசலைப் போன்றது. ஊசல் ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம், அது தொங்கும் நீளத்தைப் பொறுத்ததே அன்றி, அதன் எடையைப் பொறுத்ததன்று. எனவே, ஒரு பையின் ஆட்டத்தைச் சிறிது நேரம் உற்றுநோக்கினால், அது எப்போது திரும்பி வரும் என்பதை முன்னரே அறியலாம். பை தம்மை நோக்கி வரும்போது குத்தினால் மோதல் கடுமையாக இருக்கும். தொடக்கநிலையினர் பை நடுநிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து குத்த வேண்டும். பொறுமையும் காலம் அறிதலும் இவ்வாறே பழக்கமாகின்றன.

பையைத் தள்ளுவதும் குத்துவதும் ஒன்றல்ல. குத்து பையைத் தொட்டவுடன் கை விரைவாகக் கன்னத்தருகே திரும்ப வேண்டும். பை நெடுந்தொலைவு ஆடினால் அது தள்ளப்பட்டது என்று பொருள். நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் அது சரியாகக் குத்தப்பட்டது என்று பொருள். அடித்தவரின் பிழையைக் குத்துப்பை இவ்வாறு உடனே காட்டிவிடுகிறது.

கைகளைக் காத்தல்

மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பல மெல்லியவை. ஆதலால், வெறுங்கையால் குத்துப்பையை ஒருபோதும் தாக்கக்கூடாது.

முதலில், நீண்ட பருத்தித் துணிப்பட்டையை மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் விரல்முட்டுகளிலும் சுற்ற வேண்டும். இப்பட்டை 4.5 மீட்டர் வரை நீளமுடையது. அதன்மேல் கையுறை அணிய வேண்டும். முட்டி மடக்கும்போது நான்கு விரல்களையும் இறுக மடக்கி, கட்டைவிரலை அவற்றின் வெளிப்புறத்தே அமைத்தல் வேண்டும். கட்டைவிரல் உள்ளே சிக்கினால் அது முறியக்கூடும். ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டுகளே முதலில் பையைத் தொட வேண்டும்.

சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவதை மருத்துவர்கள் ‘குத்துச்சண்டை வீரர் முறிவு’ என்று அழைக்கின்றனர். பெயர் அவ்வாறிருப்பினும், முறையாகப் பயின்ற வீரர்களைக் காட்டிலும், சினத்தால் சுவரையும் கதவையும் குத்துவோர்க்கே அது மிகுதியாக நேர்கிறது. சினம் கொண்ட கை இலக்கைப் பார்ப்பதில்லை. முட்டியின் அமைப்பையும் எண்ணுவதில்லை. குத்துச்சண்டையில் முதற்பாடம் சினத்தை அடக்குதலே என்று பயிற்சியாளர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

ஒரு நாள் பயிற்சி

பயிற்சிக்கு முன்னர்ப் பத்து நிமிடங்கள் கயிறு தாண்டுதல், மெதுவாக ஓடுதல் போன்றவற்றால் உடலைச் சூடாக்க வேண்டும். பின்னர், எதிரே ஒருவர் நிற்பதாக எண்ணிக் காற்றில் குத்திப் பழக வேண்டும். அதன் பின்னரே பையை அணுகுதல் முறையாகும்.

தொடக்கநிலை மாணவர்க்கு இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னர் ஒரு நிமிடம் ஓய்வு தேவை. முதற்சுற்றில் ஜாப் மட்டுமே பழக வேண்டும். இரண்டாம் சுற்றில் ஜாப், கிராஸ் ஆகிய இரண்டையும் இணைக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் குத்திவிட்டு விலகுதல், பையைச் சுற்றி நகர்தல், தலையைச் சாய்த்தல் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு குத்தின்போதும் மூச்சை வெளிவிட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு குத்துபவர் விரைவில் களைத்துவிடுவர்.

மூன்று விநாடிக்கு ஒரு குத்து என்று கொண்டால், இரண்டு நிமிடச் சுற்றில் 40 குத்துகள் ஆகும். மூன்று சுற்றுகளில் 120 ஆகும். ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது பழமொழி. ஆனால், ஒரு செய்தியை இங்கு மறத்தலாகாது. 120 முறை திருத்தமாகச் செய்தால் திறமை வளரும். 120 முறை தவறாகச் செய்தால் தவறே வேரூன்றிவிடும். அதனால்தான் பயிற்சியாளரின் பார்வையில் பழகுவது இன்றியமையாதது.

குத்துப்பையால் கற்பிக்க இயலாதவை

குத்துப்பை எவரையும் அடிப்பதில்லை. அதுவே அதன் சிறப்பும் குறையும் ஆகும்.

அதன் சிறப்பு யாதெனில், எவர்க்கும் தலையில் காயம் ஏற்படாமல் பழகலாம். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகள் மூளைக்குத் தீங்கு விளைவிக்கும் என்பது மருத்துவ உண்மை. குத்துச்சண்டையைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவதும் இதனாலேயே. அவர்களுடைய அச்சம் பொருளற்றதன்று. போட்டியில் பங்கேற்க விரும்பாதவர்கூடக் குத்துப்பைப் பயிற்சியால் மூச்சாற்றலையும் உடலுறுதியையும் பெறலாம். வளரும் பருவத்தினர்க்கு இது பெரும் பயனாகும்.

அதன் குறை யாதெனில், அடிக்கப்படுவோம் என்னும் எச்சரிக்கை பயில்வோர்க்குத் தோன்றுவதில்லை. ஆகவே, சிலர் கைகளைத் தாழ்த்தியபடி குத்திப் பழகிவிடுகின்றனர். களத்தில் எதிராளியின் முன் நிற்கும்போது அப்பழக்கமே அவர்களைத் தோல்வியுறச் செய்கிறது. ஒரு கை குத்தும்போது மற்றொரு கை முகத்தைக் காக்க வேண்டும் என்பதை, எதிரே பைதான் உள்ளது என்றாலும் மறவாதிருத்தல் வேண்டும். எவரும் தாக்காத இடத்திலும் காவலைக் கைவிடாதவரே நல்ல வீரர்.

களம் கண்டவர்கள்

தமிழ்ப் பெயர் தாங்கிய வீரர்கள் இந்தியக் குத்துச்சண்டை வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். முனுசாமி வேணு 1971ஆம் ஆண்டிற்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். சென்னையைச் சேர்ந்த வெ. தேவராஜன் 1994ஆம் ஆண்டு பாங்காக் நகரில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலப்பதக்கம் வென்றார். 1995ஆம் ஆண்டிற்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது.

ஒலிம்பிக் போட்டியில் குத்துச்சண்டைக்கு இந்தியாவின் முதற்பதக்கத்தை 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் பெற்றுத் தந்தார். மகளிர் குத்துச்சண்டை 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் வெண்கலப்பதக்கம் வென்றார். உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், உலகப் போட்டியில் ஆறு முறை தங்கம் வென்றவர். குத்துச்சண்டை ஆடவர்க்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தை அவருடைய வெற்றிகள் மாற்றின.

கருநாடக மாநிலத்தில் இன்று விளையாட்டுப் பயிற்சிக்கு வாய்ப்புகள் பெருகியுள்ளன. இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம் பெங்களூருவில் உள்ளது. பல்லாரிப் பகுதியின் விஜயநகரில் 2018ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இன்ஸ்பயர் பயிற்சி நிறுவனத்தில் குத்துச்சண்டையும் பயிற்றுவிக்கப்படுகிறது. எனினும், தொடக்கத்திற்குப் பெரிய அரங்கம் வேண்டுவதில்லை. உறுதியான ஒரு விட்டம், நன்கு நிரப்பிய ஒரு பை, கையுறை, அறிந்த ஒருவரின் வழிகாட்டுதல் ஆகியன போதும்.

குத்துப்பை ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை. எம்மொழி பேசுபவர் என்று கேட்பதும் இல்லை. சரியான குத்திற்குச் சரியான ஒலியையும், தவறான குத்திற்கு வலியையும் அது அனைவர்க்கும் ஒன்றுபோலவே தருகிறது. நாள்தோறும் அதன்முன் நின்று தம் பிழைகளைத் தாமே திருத்திக்கொள்பவர், களத்தில் மட்டுமன்றிக் கல்வியிலும் வாழ்விலும் உறுதியோடு நிற்பர்.

சொல்லும் பொருளும்

பொருதுதல் – போரிடுதல்
ஊறு – தீங்கு, காயம்
முகவாய் – மோவாய்
ஊசல் – முன்னும் பின்னும் ஆடும் பொருள்
விட்டம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

வினாக்களுக்கு விடை எழுதுக

1. குத்துச்சண்டைக்குக் கன்னடத்திலும் இந்தியிலும் வழங்கும் பெயர்கள் யாவை?
2. மணலை மட்டும் நிரப்பிய பை கைக்கு ஊறு விளைவிப்பது ஏன்?
3. பை தள்ளப்பட்டதா, குத்தப்பட்டதா என்பதை எவ்வாறு அறியலாம்?
4. குத்துப்பையின் சிறப்பும் குறையும் ஒன்றே எனப்படுவது ஏன்? விளக்குக.

பிரித்து எழுதுக

குத்துப்பை, கைவிரைவு, எதிர்விசை, முதற்சுற்று

கலந்துரையாடுக

‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்னும் பழமொழிக்கு இணையான பழமொழி கன்னடத்திலோ இந்தியிலோ உள்ளதா? வீட்டிலுள்ள பெரியோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.